பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை

பொதித்தர ஆணையத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நிற்கிறது. ‘உள்ளே இருப்பது உங்களுடையது, வெளியே இருப்பது எங்களுடையது’ என்று அதில் எழுதியிருக்கும். முதல் நாள் அப்பா அதை நிதானமாகப் படித்துவிட்டு, “நியாயமாத்தானே இருக்கு” என்றார். எழுதி மாட்டிய எதுவும் அப்பாவுக்கு நியாயமாகத்தான் தெரியும்.

ஊருக்குள் வருகிற எந்தச் சரக்கும் இந்த ஆணையத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். எப்போதோ ஒரு பெரிய மனிதருக்கு அன்பளிப்பாக வந்த கண்ணாடிக் குடுவை உடைந்து வந்ததாம். செய்தவனைக் கேட்டார்கள், ஏற்றியவனைக் கேட்டார்கள், இறக்கியவனைக் கேட்டார்கள். எவனும் ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டி மட்டும் மறுத்துப் பேசாததால் பழி பெட்டியின் தலையில் விழுந்தது. பெட்டிகளைத் திருத்துவதற்காக அன்று ஒரு மேஜையும் இரண்டு பேருமாகத் தொடங்கிய அலுவலகம் இன்று நான்கு மாடி. லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் வாங்கியாகிவிட்டது, அது வந்த மரப்பெட்டி இன்னும் பரிசோதனையில் இருக்கிறது.

எங்களுக்கும் ஒரு பெட்டி வந்திருந்தது.

அம்மாவின் ரத்தம் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தது. டாக்டரம்மா எங்களுக்குப் புரிய வேண்டும் என்று அப்படிச் சொன்னார். அதை நிறுத்துகிற ஊசிமருந்து கடல் தாண்டி வர வேண்டும். சுண்டுவிரல் உயரத்தில் ஆறு பாட்டில்கள். “ரெண்டு விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க,” என்றார் டாக்டரம்மா. “சில்லுன்னு வரணும். பெட்டியோட சீல் உடையாம வரணும். ரெண்டுல ஒண்ணு போனாலும் நான் ஏத்த மாட்டேன். ஏத்தினா அது மருந்து இல்ல, விஷம்.”

பெட்டிக்குள் வைத்த குளிர் நாலு நாள் தாங்கும். வந்து சேர்வதிலேயே பாதி போய்விட்டது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அதனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் என்னைக் குடை மாதிரி கையோடு எடுத்துப் போவார்கள். மழை வந்தால் விரித்துக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை. மழை வந்தபிறகுதான் தெரியும், குடையில் கம்பி மட்டும்தான் இருக்கிறது, துணி இல்லை என்று.

மூன்றாம் ஜன்னலில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

“என்ன பொதி?”

“மருந்துங்கம்மா. என் வீட்டுக்காரிக்கு...” என்று ஆரம்பித்தார் அப்பா.

அந்த அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “ஐயையோ, உள்ள என்னன்னு சொல்லாதீங்க! தெரிஞ்சா எங்களுக்கு இரக்கம் வந்துரும். போன வருஷம் ஒருத்தர், உள்ள பொம்மை இருக்கு, கொழந்தை அழுதுட்டே இருக்குன்னு சொல்லிட்டார். கேட்ட மூணு பேருக்கும் சஸ்பென்ஷன்.”

“அவசரம்மா அது.”

“யாருக்கு அவசரம்? பெட்டியைப் போய்ப் பாருங்க. அது பாட்டுக்கு உக்காந்திருக்கு.” பேனாவை எடுத்தார். “சாக்கா, கூடையா, பீப்பாயா, மரமா, தகரமா, அட்டையா, நுரையா?”

“வெளிய அட்டை. உள்ள தெர்மாகோல்,” என்றேன் நான்.

“ஏதாவது ஒண்ணு சொல்லும்மா.”

“ரெண்டும்தான் இருக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. ரெண்டுன்னு சொன்னா நான் எந்தக் கட்டத்துல டிக் அடிக்கறது?”

பெட்டி வகைப்படுத்தும் குழுவுக்குப் போனது. அதாவது காகிதம் போனது. பெட்டி அதுபாட்டுக்குக் கீழ்த்தளத்தில் கம்பிவலை போட்ட கொட்டகையில் கிடந்தது. அப்பா வலையில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். துணி துவைக்கிற மிஷின் அளவுக்கு இருந்தது. ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் மறுபக்கம் தொடாது.

“ஆறு பாட்டிலுக்கா இவ்வளவு பெருசு?”

“சுத்தி முழுக்க ஐஸ்பா. அதைச் சுத்தித் தெர்மாகோல். அதைச் சுத்தி அட்டை.”

“பாவம், பத்திரமா அனுப்பியிருக்காங்க,” என்றார்.

குழு இரண்டாம் மாடியில் கூடியது. குழு என்றால் ஒரு துணை இயக்குநர், மூன்று காலி நாற்காலிகள். மற்ற மூன்று பேரும் கீழே பொதி அருங்காட்சியகத் திறப்பு விழாவுக்குக் கலர் பேப்பர் ஒட்டப் போயிருந்தார்கள்.

“நீ என்னம்மா படிச்சிருக்க?”

“வரலாறு சார்.”

அவர் முகம் மலர்ந்த விதத்திலேயே தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்துபோயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

“அப்போ உனக்குப் புரியும். நெருப்பு, சக்கரம்னு புத்தகத்துல எழுதி வச்சிருக்காங்களே, அதெல்லாம் அப்புறம். வேட்டையாடினவன் அதை வீட்டுக்குக் கொண்டு வரணுமே! இலையில சுத்தினான், தோல்ல கட்டினான், கொடியில கூடை முடைஞ்சான். நாகரிகம் அங்கதான் ஆரம்பிக்குது. பிறகு மண்ஜாடி. அடி கூரா இருக்கும், கப்பல்ல சாயாம சொருகி வைக்க. பிறகு பீப்பாய். ஆஹா, அதை ஒரே ஆள் உருட்டிட்டுப் போயிடலாம்! சாக்கு வந்துச்சு, மரப்பெட்டி வந்துச்சு, தகர டப்பா வந்துச்சு. நெளிவு அட்டை இருக்கே, அது முதல்ல பெட்டிக்கே வரல. பெரிய மனுஷங்க தொப்பிக்குள்ள மெத்துன்னு இருக்க வச்சது. அங்கேர்ந்து இன்னிக்கு எங்க வந்து நிக்குது பாரு! கடைசியில கன்டெய்னர். ஒரு இரும்புப் பெட்டி வந்து உலகத்தையே ஒரே அளவாக்கிருச்சு.”

அப்பா ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். “ஐயா, எங்க பெட்டி...”

“இருங்க. இப்போ நீ சொல்லும்மா. அந்த ஜாடிக்குள்ள என்ன இருந்துச்சு? எண்ணெயா, தேனா? தெரியாது. யார் சாப்பிட்டா? தெரியாது. அவனும் போயிட்டான், தேனும் போயிருச்சு. ஜாடி இருக்கு! கீழ ஹால்ல இருக்கு, போய்ப் பாரு. உள்ள இருக்கறது போயிரும்மா. வெளிய இருக்கறதுதான் நிக்கும். இதைப் புரிஞ்சுக்கிட்டவன் எதுக்கும் கண்ணீர் விட மாட்டான்.”

“எங்கம்மா இன்னும் போகல சார்.”

அவர் உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார். “உள்ளடக்கத்தைப் பத்திப் பேசக் கூடாது.”

தீர்ப்பு இதுதான்: அட்டையும் நுரையும் கலந்த பொதி என்று ஒரு வகை இதுவரை இல்லை. புதிய வகையை உண்டாக்கும் அதிகாரம் இயக்குநருக்கு மட்டுமே உண்டு. இயக்குநரோ திறப்பு விழாப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். விழா முடியட்டும்.

படி இறங்கும்போது அருங்காட்சியக ஹாலின் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த காற்றில் அப்பாவின் கை மயிர் சிலிர்த்தது. வெல்வெட் துணியின் மேல் ஒரு கிழிந்த சாக்கு, அதன் மேல் ஒரு விளக்கு. பக்கத்தில் அடி உடைந்த கூடை. ஓர் இளைஞன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அட்டைப்பெட்டிக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தான்.

“இங்க எப்பவும் இப்படித்தான் சில்லுன்னு இருக்குமா தம்பி?”

“நாள் பூரா ஏசி ஓடும்ணே. சூடு பட்டா அட்டை பிரிஞ்சுரும், சாக்கு மக்கிரும்.”

“இந்த மூலையில எங்க பெட்டியை வச்சுக்கலாமா? யார் காலுலயும் படாது.”

“உள்ள ஏதாவது இருக்கா?”

“இருக்குப்பா.”

“அப்போ முடியாதுண்ணே. காலியாப் போன பொதிக்குத்தான் இங்க இடம்.”

ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். உதடு வெளுத்து நகத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

“என்ன பூட்டுக்காரரே, ஊர்ல எல்லார் வீட்டுக் கதவையும் திறந்தீங்க. ஒரு பெட்டியைத் திறக்க முடியலையா?”

அப்பா பூட்டு ரிப்பேர் செய்கிறவர். சாவியைத் தொலைத்தவர்கள் தேடி வருவார்கள். பூட்டு அவர்களுடையதுதானா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் பையையே திறப்பார்.

“திறக்கக் கூடாதாம். சீல் உடையக் கூடாதாம்,” என்றார்.

“அப்போ அப்படியே தூக்கிட்டு வாங்க.”

“பெருசா இருக்குடி.”

“கல்யாணத்தப்போ நான் என்ன சின்னதாவா இருந்தேன்? தூக்கறேன்னு சொல்லி வாசப்படியில நெத்தியை இடிச்சீங்களே.”

ஊசி போட வந்த நர்ஸ் சிரித்தாள். அப்பா வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரத்தில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, குரலை இறக்கி, “சாப்பிட்டாரா?” என்றாள். “சாப்பிட்டார்” என்றேன். “பொய் சொல்றதுக்கா உன்னைப் படிக்க வச்சோம்?” என்றாள்.

வராந்தாவில் டாக்டரம்மா ஒரு வார்த்தைதான் சொன்னார். “சீக்கிரம்.”

அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அதை நான் நல்ல யோசனை என்றேன். இப்போதும் அது நல்ல யோசனைதான் என்று நினைக்கிறேன்.

ஐஸ் கம்பெனியில் கட்டி வாங்கி, உடைத்து, துணியில் சுற்றி ஆணையத்துக்குக் கொண்டுபோனோம். கொட்டகைக் காவலாளி நல்லவர். “நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன்ணே. சீக்கிரம் முடிங்க,” என்றார். வலையின் இடுக்கில் கையை விட்டு, பெட்டியைச் சுற்றி ஐஸ் மூட்டைகளை அப்பா ஒவ்வொன்றாக அண்டக்கொடுத்தார். கை வெளியே வரும்போது புறங்கையில் கம்பி கீறி ரத்தம் கோடு போட்டிருந்தது. “இப்போ கொஞ்சம் தாங்கும்,” என்றார். அன்று சாயங்காலம்தான் அவர் சாப்பிட்டார்.

காலையில் போனபோது பெட்டியைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் ஈரப்பதப் பிரிவு அதிகாரி, கையில் ஊசி வைத்த மீட்டருடன். பெட்டியின் அடிப்பக்க அட்டை கறுத்துப் போயிருந்தது.

“பொதி அழுதிருக்கு,” என்றார் அதிகாரி.

“ஐயா, அது ஐஸ் தண்ணிங்க. நான்தான் வச்சேன்.”

“ஏன் அழுதுச்சுங்கறது வேற பிரிவு. ஈரம் பட்ட அட்டைக்குப் பலம் பாதிதான். இதை நீங்க தூக்கிட்டுப் போறீங்க, நடுவழியில அடி கழண்டு விழுது. யார் பொறுப்பு? உங்க பொதி மேல உங்களைவிட எங்களுக்கு அக்கறை ஜாஸ்தி.” பின்னால் இருந்தவரிடம் சொன்னார்: “உலர்த்தும் அறைக்குக் கொண்டு போங்க.”

அப்பா அவர் கையைப் பிடித்தார். யார் கையையும் அவர் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. “ஐயா, சூடு பண்ணக் கூடாதுங்க. சூடு பட்டா எல்லாம் போச்சு.”

“எது போச்சு? உள்ளயா, வெளியயா?”

“உள்ளங்க.”

“அப்போ பயப்படாதீங்க. நாங்க வெளியதான் சூடு பண்ணுவோம்.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நாகரிகமாக எதுவும் இல்லை. அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “குறைதீர்ப்புப் பிரிவு மூணாவது மாடி, இன்னிக்கு விழாவுக்காக லீவு,” என்றார்.

பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். பின்கட்டில் ஓர் அறை. கதவில் சின்னக் கண்ணாடித் துவாரம். உள்ளே சிவப்பாகக் கம்பிச்சுருள்கள். பூட்டினார்கள். மைக்கில் இயக்குநரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எல்லோரும் ஹாலை நோக்கி ஓடிப்போனார்கள்.

அப்பா துவாரத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவர் முகம் சிவப்பாகத் தெரிந்தது. “நான் வச்ச ஐஸ்தானே,” என்றார்.

“திறங்கப்பா.”

“நம்ம பூட்டு இல்லம்மா.”

“அப்பா, திறங்க.”

அவர் பூட்டைப் பார்த்தார். பித்தளைப் பூட்டு, சாதாரணமானது. பையிலிருந்து கம்பியை எடுத்தார். எச்சில் விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை. திறந்த பூட்டைத் தரையில் வைக்காமல், சொந்தக்காரர் வந்து கேட்பார் என்பது போலக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் பிடுங்கி அவர் சட்டைப்பையில் போட்டேன்.

பெட்டியின் அட்டை இஸ்திரி போட்ட துணி மாதிரி சுட்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. பின்கதவுக்குக் கொண்டுபோனோம். நேராக வைத்துப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம், நிமிர்த்திப் பார்த்தோம். பெட்டி பெரிது, கதவு சின்னது. பொதிகளுக்கான அலுவலகத்தில் பொதி நுழையாத கதவை வைத்தவன் யாரோ. இருக்கிற ஒரே வழி முன்வாசல். முன்வாசலுக்குப் போக ஹாலைத் தாண்ட வேண்டும்.

தாண்டினோம். ஹாலின் வாசலில் எங்கள் தலை தெரிந்ததுமே மேடையிலிருந்த இயக்குநர் பேச்சை நிறுத்தினார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

“இதோ!” என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. “எழுதி வச்ச பேச்சை நான் மடிச்சு வச்சுடறேன். பாருங்க! யாரும் கூப்பிடல, யாரும் சொல்லல. சாதாரண ஜனங்க, அப்பாவும் பொண்ணுமா, தங்களோட பொதியைத் தாங்களே சுமந்து நம்ம விழாவுக்கு வந்திருக்காங்க! இந்த ஆணையம் எதுக்குன்னு பத்திரிகையில எழுதறாங்களே, அவங்களுக்கு இதுதான் பதில்!”

கைதட்டல் கூரையில் மோதித் திரும்பியது. நாலு பேர் ஓடிவந்து பெட்டியை எங்களிடமிருந்து வாங்கி மேடையேற்றினார்கள். அப்பாவின் வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டினார்கள்.

“ஐயா, என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில...”

“மனைவியை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்திருக்கார்!” என்றார் இயக்குநர், மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. இன்னும் பலமாகத் தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதுவரை சாக்கையும் கூடையையும் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சிறப்பு விருந்தினர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை வச்சு ஏதாவது செஞ்சு காட்டுவீங்களா?” என்று கேட்டார்.

வீழ்வுச் சோதனை செய்து காட்டினார்கள். பெட்டியைக் கயிற்றில் ஆள் உயரத்துக்கு ஏற்றிக் கயிற்றை விட்டார்கள். நான் மேடையில் ஏறப் போனேன். கலர் பேப்பர் ஒட்டிய குழுவின் மூன்று உறுப்பினர்களும் என்னை அன்பாகப் பிடித்துக்கொண்டார்கள். ஏதோ உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். பெட்டி விழுந்தது. அதிகாரி நாலு மூலையையும் தடவிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். விருந்தினரின் மனைவி அந்த நேரம் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்ததால் இன்னொரு தடவை போட்டார்கள். அப்போதும் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த மேடையிலேயே அட்டை-நுரைப் பொதி என்ற புதிய வகை பிறந்தது. அங்கேயே முத்திரை குத்தினார்கள். ஆணையத்தின் வண்டியில், ஆணையத்தின் கொடியோடு, பெட்டியையும் எங்களையும் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார்கள். டிரைவர் இறங்கி வந்து அப்பாவுக்குக் கைகொடுத்தார்.

டாக்டரம்மா சீலைப் பார்த்தார். உடையவில்லை. கத்தியால் கீறித் திறந்தார். ஐஸ் பைகள் எல்லாம் தண்ணீர்ப் பைகளாகிக் கொழகொழவென்று கிடந்தன. நடுவில் பஞ்சுக் குழியில் ஆறு பாட்டில்கள். ஒன்றில்கூட விரிசல் இல்லை. மூடியின் உட்புறத்தில் சூடு காட்டுகிற பட்டை ஒட்டியிருந்தது; வெள்ளையாக இருக்க வேண்டியது முழுக்கக் கறுத்திருந்தது. டாக்டரம்மா ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே திரித்திரியாக ஏதோ மிதந்தது.

“ஒண்ணுகூட உடையலீங்களே டாக்டர்,” என்றார் அப்பா.

“உடையல.”

“அப்புறம் என்னங்க?”

டாக்டரம்மா பாட்டிலை எடுத்த குழியிலேயே திரும்ப வைத்தார். அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை அழுத்தியும் பார்த்தார். அதற்கு மேல் அவருக்கும் செய்ய ஒன்றும் இல்லை.

அடுத்த பெட்டிக்கு எழுதினார்கள். அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். அம்மாவுக்குக் கண் பாதிதான் திறந்தது.

“பெட்டி வந்துருச்சாமே. நர்ஸ் சொன்னா.”

“வந்துருச்சு.”

“யார் தூக்கினா?”

“நான்தான். நானும் பாப்பாவும்.”

“பரவாயில்லையே,” என்றாள் அம்மா. “தூக்கிட்டீங்களே.”

அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சில்லிட்டிருந்தது. எது சில்லென்று இருக்க வேண்டுமோ அது சுட்டுவிட்டது. எது சூடாக இருக்க வேண்டுமோ அது சில்லிட்டுவிட்டது. இதை எந்த மாடியில் எந்தப் பிரிவில் போய்ச் சொல்வது?

அடுத்த பெட்டி அங்கிருந்து கிளம்புவதற்குள் அம்மா போய்விட்டாள்.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, ஒரு மத்தியானம், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞன் வாசலில் வந்து நின்றான். “திருப்திப் பிரிவிலேர்ந்து வர்றேன்,” என்றான். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. அதில் பாதியை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது. எடுத்துப் போட எங்கள் இருவருக்கும் கை வரவில்லை. நாற்காலி இல்லாததால், “அது மேல உக்காருங்க தம்பி,” என்றார் அப்பா. அவன் பதறிவிட்டான். “ஐயோ, முத்திரை குத்தின பொதி மேல உக்காரக் கூடாதுங்க.” நின்றுகொண்டே கேட்டான்.

“பொதியில கிழிசல், நசுங்கல், ஈரம் ஏதாவது இருந்துச்சா?”

“இல்லப்பா.”

“எங்க ஊழியர்கள் பொதியை மரியாதையா நடத்தினாங்களா?”

“ரொம்ப மரியாதையா.”

“நல்லது. இங்க பெறுநர் கையெழுத்து வேணும். ஒரு அம்மா பேர் போட்டிருக்கு. வெளிய போயிருக்காங்களா?”

அப்பா என்னைப் பார்த்தார்.

“எப்போ வருவாங்க? நான் வேணும்னா நின்னு வாங்கிட்டுப் போறேன்.”

“செத்துட்டாங்க,” என்றேன் நான். “நீங்க சுட்டுக் குடுத்த மருந்தை ஏத்த முடியாம செத்துட்டாங்க. உங்க கிழிஞ்ச சாக்குக்கு ஏசி போட்டீங்களே, அந்த மூலையில ஒரு அடி இடம் இல்லாம செத்துட்டாங்க. எழுதிக்கோ. எந்தக் கட்டத்துல டிக் அடிப்பியோ அடிச்சுக்கோ. அடிச்சுட்டு வெளிய போ!”

அவன் இரண்டு அடி பின்வாங்கினான். சின்னப் பையன்தான், என் வயதுகூட இருக்காது. முதல் வேலையாக இருக்கும். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. “எனக்கு... உள்ள என்னன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்கக்கா,” என்றான்.

“விடும்மா,” என்றார் அப்பா. “அவரும் வேலைக்குத்தானே வந்திருக்கார். இன்னும் என்ன கேக்கணும் தம்பி? கேளு.”

“கடைசி ஒண்ணுதாங்க. பொதியைப் பத்தி ஏதாவது ஆலோசனை சொல்ல விரும்பறீங்களா? இல்லேன்னா இல்லைன்னு போட்டுடறேன்.”

அப்பா எழுந்து போய்ப் பெட்டியின் மூலையில் கை வைத்தார்.

“கொஞ்சம் சின்னதா செஞ்சிருக்கலாம்,” என்றார்.

பையன் ஒரு நல்ல பதில் கிடைத்த ஆறுதலில் வேகமாக எழுதினான். “நல்ல யோசனைங்க. அட்டையும் மிச்சம், லாரியில இடமும் மிச்சம். மேலதிகாரிகிட்ட கண்டிப்பா சொல்றேன்.” காகிதத்தை மடித்தான்.

“சின்னதா இருந்திருந்தா,” என்றார் அப்பா, சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, “சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு ஓடியாந்திருப்பேன் தம்பி. மொத நாளே. யாரையும் கேட்டிருக்க மாட்டேன்.”

அதற்குள் அவன் பேனாவை மூடிவிட்டிருந்தான்.